திருந்தாதவர் என்று எவரும் உண்டா?

(லிட்டில் இந்தியாவில் நடைபெற்ற நமது அறநிறுவனத்தின் நன்கொடையாளர் ஒன்றுகூடலில் மனநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மேடையில் சமயச் சொற்பொழிவாளர்கள் பலர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். நான் சொற்பொழிவாளன் அல்லன். நோயாளிகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே காலம் கழித்த மனநல மருத்துவன். 'மனநலமும் ஆன்மிகமும்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். அது பெருங்கடல். அதில் பலரும் இறங்கத் தயங்கும் ஒரு துறையை மட்டும் இன்று எடுத்துக் கொள்கிறேன். பொய் சொல்லி, ஏமாற்றி, பெற்ற தாயையே அடித்துவிட்டு, அதன் பிறகும் நிம்மதியாகத் தூங்கக்கூடிய மனிதர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குச் சிகிச்சை உண்டா? அவர்கள் எதிரே உட்காரும் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் என்ன நேர்கிறது?

இது உங்களுக்கு எதற்கு என்று நினைக்கலாம். 1833ல் எழுந்த மகாமாரியம்மன் ஆலயத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் வந்து, கண்ணீரோடு நிற்கும் தாய்மார்களில் சிலர் எதற்காக அழுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நமது உதவி நிதிக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்களிலும் இப்படிப்பட்ட மகனையோ கணவனையோ வீட்டில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சில சமயம் விண்ணப்பம் எழுதுபவரே அந்த மனிதராக இருப்பதும் உண்டு.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக் கொள்வோம். சினிமாவில் கத்தியோடு திரிபவரை எல்லாம் 'சைக்கோ' என்கிறார்கள். மனச்சிதைவு நோயால் காதில் குரல் கேட்டுத் தவிக்கும் அப்பாவியையும் அதே சொல்லால் சுடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. நான் சொல்லும் நிலையில் உள்ளவருக்குக் குரல் கேட்காது, புத்தி மாறாட்டம் இராது. கணக்கு வழக்கில் நம்மை விடக் கெட்டிக்காரராகவும் இருக்கலாம். 1835ல் பிரிச்சார்ட் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை 'ஒழுக்கப் பைத்தியம்' என்ற பொருளில் குறித்தார். 1941ல் அமெரிக்க மருத்துவர் ஹெர்வி கிளெக்லி எழுதிய நூலின் பெயரே 'தெளிந்த புத்தியின் முகமூடி' என்று பொருள்படும். 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதற்குச் 'சமூக விரோத ஆளுமைக் கோளாறு' என்ற பொருளில் பெயர் சூட்டியது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. பதினைந்து வயதுக்கு முன்பே பிராணிகளை வதைத்தல், திருட்டு, தீ வைத்தல், வீட்டை விட்டு ஓடுதல் போன்ற நடத்தைக் கோளாறு தென்பட்டிருக்கவும் வேண்டும். நாற்பது வயதில் திடீரென்று ஒருவர் பொய்யராக மாறினால், அது வேறு விஷயம். கடன், குடி, மூளையில் கட்டி என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

மற்றொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2013ல் நம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது நம் சமூகம் தலைகுனிந்தது. ஆனால் கும்பலில் சேர்ந்த பையன்கள் எல்லாம் இந்தக் கோளாறு உடையவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தை விட்டு வெளியேறி, அடுக்குமாடி வீட்டில் அப்பா இரவு ஷிப்ட், அம்மா பகல் ஷிப்ட் என்று வளர்ந்த பையனுக்குக் கும்பல்தான் குடும்பம். நண்பனுக்காக உயிரையும் கொடுப்பான். நான் சொல்லும் மனிதர் நண்பனையும் விற்றுவிடுவார். 2002ல் 'லான்செட்' மருத்துவ இதழில், 12 நாடுகளின் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சிறையிலுள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இந்தக் கோளாறு காணப்பட்டது என்றார்கள். அந்தப் பாதியிலும் இரக்கமே இல்லாத கொடிய வகையினர் ஒரு சிறு பகுதியினர்தாம். இந்த வேறுபாடு முக்கியம். பின்னால் அது பயன்படும்.

இனி, அனுபவத்துக்கு வருகிறேன். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். யாரும் யாரையும் ஊகித்துக் கொள்ள வேண்டாம்.

இவர்களைப் பார்க்கும் முதல் நாள் பெரும்பாலும் இனிமையாகவே இருக்கும். ஒருவர் வந்தார். உட்கார்ந்ததும் அவர் சொன்னது: "டாக்டர், உங்களைப் பற்றி ரொம்பக் கேள்விப்பட்டிருக்கிறேன். இதுக்கு முன்னே பார்த்தவங்களுக்கு என்னைப் புரிஞ்சுக்கவே தெரியலை." எங்கள் தொழிலில் இந்த வாக்கியத்தைக் கேட்டால் மணி அடிக்க வேண்டும். ஆனால் இளம் ஆலோசகர்களுக்கு அது அமுதமாக இனிக்கும். 'மற்றவர்களிடம் முரடன், என்னிடம் மட்டும் குழந்தை' என்ற எண்ணம் வந்துவிடும். இரண்டாம் வாரம் சின்ன உதவி ஒன்று கேட்பார். நேரத்தை மாற்றிக் கொடுங்கள், சொந்த டெலிபோன் நம்பரைக் கொடுங்கள் என்பது மாதிரி. மூன்றாம் வாரம் உண்மையான காரியம் வெளிவரும். இவர் கேட்டது, தாம் திருந்திவிட்டதாக நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம். "எத்தனை முறை வந்தீர்கள் என்பதை மட்டும் எழுதித் தருகிறேன்" என்றேன். அந்த முகம் மாறியதை எப்படிச் சொல்வது! சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்த மாதிரி. கோபம்கூட இல்லை. நான் ஒரு பயனற்ற நாற்காலி என்பது போல் பார்த்துவிட்டு எழுந்தார். மறுவாரம் தாதியிடம் போய், "டாக்டர் உங்களைப் பற்றித் தரக்குறைவாகப் பேசினார்" என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் தாதியைப் பற்றியும் அப்படியே. எங்கள் இடத்தில் வாரத்துக்கு ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து, யாரிடம் யார் என்ன சொன்னார் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். அதனால் அந்தத் தீ பற்றவில்லை.

பயமும் உண்டு. சில நோயாளிகள் ஒரு வார்த்தையும் கடுமையாகப் பேசாமல் இருக்கும்போதே கையில் மயிர் கூச்செறியும். இது கோழைத்தனம் அல்ல. ரீட் மெலாய் என்னும் அமெரிக்க உளவியலாளர் இதைத் தனியாகவே ஆராய்ந்து, இத்துறையில் வேலை செய்கிற ஏராளமானோர் இதே உடல் உணர்ச்சியைச் சொல்வதாக எழுதியிருக்கிறார். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் நாற்காலி மருத்துவருக்கு என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

பயத்தைவிடச் சங்கடமானது வெறுப்பு. கையுடைந்த மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, உள்ளே இருப்பவர் சிரித்துக்கொண்டே, "அவளா விழுந்துட்டா" என்று சொல்லும்போது நானும் மனிதன்தானே! 1949ல் இங்கிலாந்துக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட், நோயாளி மீது மருத்துவருக்கு எழும் வெறுப்பைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த வெறுப்பு இல்லை என்று பாசாங்கு செய்யாதே, அதை அறிந்துகொள், அறிந்து அடக்கி வைத்துக்கொள் என்பது அதன் சாரம். பாசாங்கு செய்கிற மருத்துவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். அளவுக்கு மீறிக் கருணை காட்டி ஏமாறுவார். அல்லது 'இவன் தேறமாட்டான்' என்று கோப்பை மூடிவிட்டு, அந்த மனிதருக்கு இருந்த மனச்சோர்வையும் தலைக்காயத்தையும் போதைப் பழக்கத்தையும் பார்க்காமலே அனுப்பிவிடுவார். இவை மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. ஆளுமைக் கோளாறுக்கென்று தனி மாத்திரைதான் இல்லை. 2009ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. மாத்திரையை வழக்கமாகக் கொடுக்காதே, கூட இருக்கும் நோய்களைக் கவனி, குழுவாக உட்காரவைத்து நடத்தைப் பயிற்சி கொடு என்கிறது.

அன்பு காட்டினால் மாறமாட்டார்களா, உழைப்பைக் கொடுத்தால் மாறமாட்டார்களா என்று பக்தர்கள் கேட்பீர்கள். அதைச் செய்து பார்த்த கதை நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. இங்குள்ள பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கும். சிங்கப்பூருக்குத் தெற்கே புலாவ் செனாங் என்று ஒரு தீவு. 'செனாங்' என்றால் மலாயில் சுகம், நிம்மதி. அந்நாளில் சி.வி. தேவன் நாயர் தலைமையில் அமைந்த சிறைச்சாலை விசாரணைக் குழு கைதிகளின் சீர்திருத்தத்தை ஆராய்ந்த காலம். விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்ட இரகசியச் சங்கத்தினரைச் சாங்கி சிறைச் சுவருக்குள் அடைத்து வைப்பதற்குப் பதிலாக, உழைப்பின் வழியே திருத்திப் பார்ப்போம் என்று துணிந்தார்கள். 1960 மே மாதம் ஏறத்தாழ 50 பேர் கரை இறங்கினார்கள். காட்டை வெட்டி, சாலை போட்டு, தங்குமிடம் கட்டி, பட்டறை வைத்து, தண்ணீருக்கு வழி செய்து மூன்று ஆண்டுகளில் ஒரு சிற்றூரையே எழுப்பினார்கள். கைதிகளும் முந்நூறைத் தாண்டினார்கள். பொறுப்பதிகாரி டேனியல் டட்டன், மனிதனை நம்பினால் அவன் நல்லவனாவான் என்று உறுதியாக நம்பியவர். காவலர்கள் துப்பாக்கி ஏந்தி நிற்பதை அவர் விரும்பவில்லை.

1963 ஜூலை மாதம், படகுத்துறை வேலையைக் கூடுதல் நேரம் செய்ய மறுத்த 13 தச்சர்களை டட்டன் சாங்கிக்குத் திருப்பி அனுப்பினார். ஜூலை 12ஆம் நாள் கலவரம் வெடித்தது. தாங்களே கட்டிய கட்டடங்களைத் தாங்களே கொளுத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று வருட உழைப்பு சாம்பலாயிற்று. டட்டன் கொல்லப்பட்டார். உடன் பணியாற்றியவர்களும் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் ஆறுமுகம் வீரசிங்கம், நம் தமிழர். வழக்கு நீண்டு, 18 பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1965 அக்டோபர் 29ஆம் தேதி அது நிறைவேற்றப்பட்டது.

இதிலிருந்து, கெட்டவனைத் திருத்தவே முடியாது என்று பலரும் தீர்ப்பெழுதினார்கள். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகவே படுகிறது. அந்த முந்நூறு பேரும் ஒரே வகை மனிதர்கள் அல்லர். உழைப்பால் மனம் திரும்பியவர்கள் இருந்திருப்பார்கள். பயத்தால் கலகத்தில் சேர்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். இரக்கமற்ற சிலர் இருந்து மற்றவர்களை இயக்கியும் இருக்கலாம். எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தியது முதல் பலவீனம். இரண்டாவது, நம்பிக்கையை வைத்தார்கள், அதற்கு வேலி வைக்கவில்லை. வீரசிங்கத்தின் குடும்பத்துக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம் என்ன ஆறுதல்?

இதற்கு நேர்மாறான சோதனை கனடாவில் நடந்தது. ஒண்டாரியோ மாநிலத்தின் பெனடாங்குவிஷீன் என்ற ஊரில், பலத்த காவலுள்ள மனநோய் மருத்துவமனையில் 1960களின் நடுவிலிருந்து கைதிகளை மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஒரே அறையில் உட்காரவைத்து ஒருவர் மனத்தை மற்றவர் திறக்கச் செய்தார்கள். போதை மருந்துகளையும் கொடுத்தார்கள். அங்கிருந்து வெளியேறியவர்களைப் பின்தொடர்ந்து 1992ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சாதாரண வகையினர் ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். இரக்கமற்ற வகையினரோ சிகிச்சை பெறாதவர்களைவிட அதிகமாக வன்முறையில் இறங்கினார்கள்! மற்றவர் மனம் எங்கே வலிக்கும் என்று அங்கே பாடம் படித்துக்கொண்டு போய்விட்டார்கள் போலும். அந்தச் சிகிச்சை முறைகள் சித்திரவதைக்கு ஒப்பானவை என்று 2017ல் அங்குள்ள நீதிபதி ஒருவரே சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே, அன்பர்களே, யாராவது 'இரண்டு வார முகாமில் மனிதனையே மாற்றிக் காட்டுகிறோம்' என்று நன்கொடை கேட்டு வந்தால் தயவு செய்து யோசியுங்கள்.

நம்பிக்கை தரும் இடமும் உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் மெண்டோட்டா என்னும் இளைஞர் சிகிச்சை நிலையம் 1995ல் தொடங்கப்பட்டது. மற்ற சிறைகள் சமாளிக்க முடியாமல் தள்ளிவிட்ட பையன்கள் அங்கே வந்தார்கள். அங்கு பெரிய தத்துவம் எதுவும் இல்லை. பையன் இன்று எச்சில் துப்பினால் இன்றைய சலுகை போகும். நாளைக் காலை கணக்குப் புதிது. நன்றாக நடந்தால் அன்றே பலன். அவன் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் ஊழியர்கள் விலகிப் போவதும் இல்லை, பழி வாங்குவதும் இல்லை. அங்கு சிகிச்சை பெற்ற நூற்றுச் சொச்சம் பேரையும், பெறாதவர்களையும் ஒப்பிட்டார்கள். வெளியே சென்ற பின் பெறாதவர்களின் கையால் 16 பேர் கொலையுண்டிருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களால் ஒருவரும் சாகவில்லை.

என் அனுபவமும் இதை ஒட்டியதே. லோரி ஓட்டுநர் ஒருவர் ஆறு வருடம் என்னிடம் வந்தார். ஒரு நாளும் 'செய்தது தப்பு' என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். கேட்டால் அழுது காட்டுவார், அவ்வளவுதான். அதற்குப் பதில் கணக்குப் போட்டோம். போன முறை சாலையில் ஒருவனை அடித்ததால் எத்தனை நாள் லாக்கப், எத்தனை வெள்ளி வக்கீலுக்கு, எத்தனை டிரிப் போயிற்று? எழுதி லோரியில் ஒட்டிக் கொண்டார். "கோபம் வந்தா வண்டியை விட்டு இறங்க மாட்டேன் டாக்டர், கட்டுப்படியாகாது" என்பார். அவர் மனைவி தனியாக வந்து சொன்னது, இரண்டு வருடமாக வீட்டில் கை ஓங்கவில்லை என்று. அவர் மனம் உருகியதா என்று எனக்குத் தெரியாது. வயதும் ஒரு காரணம். நாற்பதைத் தாண்டும்போது இவர்களில் பலருக்கு அந்த வேகம் தணிவதுண்டு. அந்த அம்மாளுக்கு எந்தக் காரணமாக இருந்தால் என்ன!

தண்ணீர்மலை முருகனின் அடியார்களாகிய உங்களுக்குச் சூரபத்மன் கதை தெரியாததல்ல. போர்க்களத்தில் பெருமானின் விசுவரூபத்தைக் கண்டதும் அவன் உள்ளம் நெகிழ்கிறது. தொழ வேண்டும் என்றும் எண்ணுகிறான். அந்தக் காட்சி மறைந்ததும் பழைய ஆணவமே திரும்புகிறது. மாமரமாகி மறுபடி போருக்கு நிற்கிறான். இந்தக் கட்டம் வரும்போதெல்லாம், அழுதுவிட்டுப் போய் அன்று மாலையே திருடிய நோயாளிகள் என் நினைவுக்கு வருவார்கள். அந்தக் கண்ணீர் முழுப் பொய் என்றும் சொல்லமாட்டேன். அது நிற்கவில்லை, அவ்வளவே. பெருமானோ அவனை அழிக்கவும் இல்லை, அவிழ்த்து விடவும் இல்லை. மயிலாகவும் சேவலாகவும் தம் அருகிலேயே, தம் கட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

இப்போது நம் உதவி நிதி விஷயம். இங்கே பூக்கட்டிப் பிழைக்கும் ஓர் அம்மா. ஐந்தாண்டுகளாக நமது நிதியிலிருந்து மாதந்தோறும் பணம் போகிறது. அது அவருடைய மகனின் கைக்குப் போகிறது என்று சென்ற ஆண்டு தெரியவந்தது. தாலியை அடகு வைத்தவரும் அவரே. தாய்க்கு அறுவை சிகிச்சை என்று கடிதம் தயாரித்து இரண்டு நன்கொடையாளர்களிடம் தனியாக வாங்கியவரும் அவரே. வாங்கும்போது அப்படி ஒரு பணிவு, அப்படி ஒரு பேச்சு! ஏமாந்த அன்பர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. 'நிதியை நிறுத்துங்கள்' என்று செயற்குழுவில் குரல் எழுந்து, என்னைக் கருத்துக் கேட்டார்கள்.

அந்த அம்மாவைச் சந்தித்தேன். அவர் என்னிடம் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "என் வளர்ப்பா டாக்டர், இல்லை போன ஜென்மத்துப் பாவமா?" என்று கேட்டார். மருத்துவம் அறிந்ததைச் சொன்னேன். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி இந்தக் குணத்தில் ஏறத்தாழப் பாதி பிறவியிலேயே வருவது. மீதியில் வறுமை, அடி, கூட்டாளிகள், பள்ளி எல்லாம் கலந்திருக்கும். ஒரு தாயின் கையில் எத்தனை பங்கு இருக்க முடியும்? அவர் வெகுநேரம் பேசாமல் பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவனை வெளியே அனுப்பினா நான் தாயா?" என்றார். நான் சொன்ன பதில்: "கதவைப் பூட்டிக்கொண்டும் தாயாக இருக்கலாம் அம்மா. ஜெயிலுக்குப் போய்ப் பார்க்கிற தாய்மார் இல்லையா?" 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல, அடிபடும் பெற்றோருக்கும் துணை நிற்கும். 2017ல் செய்த திருத்தத்தின் பிறகு சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்க முடியும். 15999 என்ற தாலியான் காசே எண்ணை எழுதிக் கொடுத்தேன். மகனை மனநல மருத்துவமனையில் அடைத்து வைக்கும்படி உறவினர்கள் கேட்டார்கள். ஒழுக்கக்கேடு என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநோயாளியாகக் கொள்ள நமது 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இடம் தரவில்லை. தரக்கூடாது என்பதே என் கருத்தும்.

செயற்குழுவிடம் நான் சொன்னது இதுதான். தாய்க்கு உதவியை நிறுத்தாதீர்கள்; கையில் காசாகக் கொடுக்காதீர்கள். வாடகை வீட்டுக்காரருக்கும், கரண்டு பில் நேராகவும், மளிகை கடைக்கும் போகட்டும். மருத்துவக் கடிதம் வந்தால் மருத்துவமனைக்கு டெலிபோன் செய்து கேளுங்கள். விண்ணப்பதாரரை ஒருவர் தனியாகப் பார்க்க வேண்டாம், இருவராகப் பாருங்கள். பேச்சில் மயங்கும் ஒருவருக்கு மயங்காத ஒருவர் துணை. மகன் வந்து கேட்டால் திட்டாமல், மிரட்டாமல், இல்லை என்று சொல்லுங்கள். எத்தனை முறை வந்தாலும் அதே குரலில் சொல்லுங்கள். இது நன்கொடையாளரைச் சந்தேகிப்பதோ ஏழையைச் சந்தேகிப்பதோ ஆகாது. மகன் இப்போது பட்டர்வொர்த் பக்கம் இருப்பதாகக் கேள்வி. அந்த அம்மா அதே இடத்தில் பூக்கட்டுகிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் லீ ராபின்ஸ் என்னும் அம்மையார், சிறுவயதில் மனநல நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்ட 524 குழந்தைகளை முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்து 1966ல் நூல் எழுதினார். சமூக விரோதிகளாக வளர்ந்தவர்களில் அநேகமாக எல்லோரும் சிறுவயதிலேயே அந்த அறிகுறியைக் காட்டியவர்கள். ஆனால் அறிகுறி காட்டிய குழந்தைகளில் பெரும்பாலோர் அப்படி ஆகவில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் இன்று இவ்வளவு நேரம் பேசினேன். நாற்பது வயதுக்காரரோடு நான் ஆறு வருடம் போராடுவதில் கிடைப்பது கொஞ்சம். ஆறு வயதுப் பையனின் பெற்றோருக்குப் பத்துப் பன்னிரண்டு வாரம் பயிற்சி கொடுத்தால் கிடைப்பது அதிகம். எதைப் பாராட்டுவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, அடிக்காமல் எப்படித் தண்டிப்பது என்ற மூன்றே பாடம். பூனைக்குட்டியைத் துன்புறுத்தும் குழந்தையைப் பார்த்து 'ஆம்பளைப் பிள்ளை, அப்படித்தான்' என்று சிரிக்கிறோமே, அந்த வீடுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

நமது மண்டபம் ஞாயிறு காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை காலியாக இருக்கிறது. நான் வருகிறேன்; இரண்டு ஆலோசகர்களும் சம்பளம் இன்றி வரச் சம்மதித்திருக்கிறார்கள். தேவைப்படுவது, அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான்கு பேரும், வருகிற பெற்றோருக்குப் பசியாறச் செலவும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட ஓடிவருகிற கைகளில் நான்கு கைகள் கிடைக்காமலா போகும்? பெயர் கொடுக்க விரும்புவோர் வெளியே மேஜையில் இருக்கும் செயலாளரிடம் இன்றே கொடுக்கலாம்.